பட்டுப்புடவை மடிப்பும் முதுகெலும்பும்: தி.நகர் விற்பனையாளர் ஒருவரின் 12 வார பிலாட்டீஸ் பயிற்சி

மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு அவர் முதலில் வந்தது பொங்கல் முடிந்த இரண்டாவது வாரம். வயது 47. தி.நகர் உஸ்மான் சாலையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், பட்டுப்புடவைப் பிரிவில் 19 வருடமாக விற்பனையாளர். வீடு குரோம்பேட்டை. கையில் எம்.ஆர்.ஐ கவர். உட்காருங்கள் அக்கா என்றேன். "பரவாயில்ல மேடம், நின்னே பழகிடுச்சு" என்றார். உட்கார்ந்து எழுந்திருக்கும்போதுதான் அவருக்கு வலி அதிகம் என்பது அப்புறம் தெரிந்தது.

அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயரும் கடையும் வேண்டாம் என்றார், சரி என்றேன். எழுதக் காரணம் உண்டு. பிலாட்டீஸ் என்பது மூச்சோடு சேர்த்து மெதுவாகச் செய்யும் ஓர் உடற்பயிற்சி முறை. அதன் பெயரைச் சொன்னாலே கண்ணாடி பதித்த அறை, விலை உயர்ந்த இயந்திரம், மாதச் சம்பளத்தில் பாதியை விழுங்கும் கட்டணம் என்றுதான் நம் ஊரில் நினைக்கிறார்கள். நாள் முழுக்க நின்று உழைக்கும் பெண்களுக்கு அது எட்டாத சமாச்சாரம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. இவருக்கு நாங்கள் செலவழித்தது ஒரு ஜமக்காளம், ஒரு துண்டு, வாரம் இரண்டு காலைப்பொழுது.

வந்தபோது இருந்த நிலை

14 மாதமாக இடுப்பு வலி. 0 முதல் 10 வரையிலான அளவில் காலையில் 3, இரவு கடை சாத்தும் நேரத்தில் 7. வலது பக்கம் கொஞ்சம் கூடுதல். வலி காலுக்கு இறங்கவில்லை, கால் மரத்துப்போகவும் இல்லை. சிறுநீர், மலம் போவதில் மாற்றம் இல்லை. காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, விழுந்த அடி, புற்றுநோய் வரலாறு எதுவும் இல்லை. முதுகுவலி என்று வருகிற எல்லோரிடமும் இதையெல்லாம் கேட்டே ஆக வேண்டும். ஒன்றுக்கு "ஆமாம்" என்று பதில் வந்திருந்தாலும் ஜமக்காளத்தை விரித்திருக்க மாட்டேன், நேராக மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன்.

அவருடைய வேலையைக் கொஞ்சம் விவரமாகக் கேட்டேன். மேல் தட்டிலிருந்து எட்டி எடுக்க வேண்டும். குனிந்து மெத்தையில் விரிக்க வேண்டும். வாடிக்கையாளர் "வேற கலர் காட்டுங்க" என்றால் அடுத்தது. ஜரிகை கனமாக இருக்கிற பட்டு ஒன்று கிட்டத்தட்ட ஒரு கிலோ தொடும். முகூர்த்த சீசனில் ஒரே குடும்பத்துக்கு 60, 70 புடவை விரித்துக் காட்டியதுண்டாம். அவர்கள் போன பிறகு அத்தனையையும் மடித்து அடுக்குவதும் இவர்தான். காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை. நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி.

வலியைவிட அவரை அதிகம் வாட்டியது அந்த எம்.ஆர்.ஐ கவர். கீழ் முதுகில் எல்4, எல்5 என்ற இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாக அறிக்கை. "டிஸ்க் விலகியிருக்கு, இனிமே குனியவே கூடாது" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தோடு எட்டு மாதம் வாழ்ந்திருக்கிறார். மார்கழியில் கோலம் போடவில்லை. மகளின் ஒன்றரை வயதுக் குழந்தையைத் தரையிலிருந்து தூக்கவில்லை. "புள்ள கைய நீட்டும், நான் நாற்காலியத் தேடுவேன்" என்று சொல்லும்போது அழுதுவிட்டார்.

முதல் அரை மணி நேரமும் இந்தப் பயத்தைப் பற்றித்தான் பேசினோம். 2015ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் திரட்டிப் பார்த்தது. 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 80 வயதில் அது 84 சதவீதம். நரை மாதிரிதான் அக்கா, வயதோடு வருவது, எல்லோருக்கும் வலிக்காது என்றேன். நம்பினாரா தெரியவில்லை, ஆனால் கவரை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

பரிசோதனையில் ஒன்று கண்ணில் பட்டது. குனியச் சொன்னால், குனிவதற்கு முன்பே மூச்சை இழுத்து நிறுத்திவிடுகிறார். தோள் காதுவரை ஏறுகிறது, வயிறு கல்லாகிறது, முதுகு ஒரே பலகையாகி முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றுவிடுகிறது. தரையில் விழுந்த பேனாவை எடுக்கச் சொன்னேன். அதற்கும் அதே மூச்சுப் பிடிப்பு. ஒரு நாளில் இப்படி எத்தனை நூறு முறை உடம்பை இறுக்குகிறாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

மற்ற அளவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குப்புறப் படுத்து மேலுடம்பை அந்தரத்தில் தாங்கும் சோதனையில் 28 வினாடி. 30 வினாடியில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்தது 9 முறை. முதுகுவலி அன்றாட வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது என்று கணக்கிடும் ஆஸ்வெஸ்ட்ரி வினாத்தாளில் 42 சதவீதம். மனச்சோர்வுக்கான பி.எச்.க்யூ-9 வினாத்தாளில் 27க்கு 11, அதாவது மிதமான அளவு. தூக்கம் நாலரை மணி நேரம். சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்றார். அது ஆமாம் என்றிருந்தாலோ, மொத்த மதிப்பெண் 15ஐத் தாண்டியிருந்தாலோ அவரை மனநல மருத்துவரிடம் அனுப்பாமல் நான் மேலே போயிருக்க மாட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அவர் கைபேசியில் சேர்த்துக் கொடுத்தேன்.

ஏன் பிலாட்டீஸ்

இந்த முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1883ல் ஜெர்மனியில் பிறந்தவர். சிறுவயதில் ஆஸ்துமா, எலும்பு மென்மை நோய் என்று நோஞ்சானாக இருந்தவர். முதல் உலகப் போர் வெடித்தபோது இங்கிலாந்தில் இருந்ததால் எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்து மேன் தீவு முகாமில் அடைத்தார்கள். அங்கே எழுந்திருக்க முடியாதவர்களின் கட்டிலில் ஸ்பிரிங்கைப் பொருத்தி, படுத்தபடியே கைகாலை இழுத்துப் பயிற்சி செய்ய வைத்தார் என்று சொல்வார்கள். பிலாட்டீஸ் கூடங்களில் இன்று இருக்கும், ஸ்பிரிங் பொருத்திய ரிஃபார்மர் இயந்திரத்தின் விதை அதுதான். 1920களில் நியூயார்க் போய் பயிற்சிக்கூடம் திறந்தார். ஜார்ஜ் பாலன்சின், மார்த்தா கிரகாம் போன்ற நடன மேதைகளின் கலைஞர்கள் அங்கே காயத்தோடு வந்து குணமாகிப் போனார்கள். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் கான்ட்ராலஜி, கட்டுப்பாட்டின் கலை. 1945ல் வெளியிட்ட புத்தகத்தில் 34 பயிற்சிகள் கொடுத்திருக்கிறார், எல்லாமே தரையில் செய்வது.

நோயாளிகளையும் அடைபட்டவர்களையும் வைத்துப் பிறந்த ஒன்று என்பதை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். தரை போதும்.

இவருக்கு நான் இதைத் தேர்ந்தெடுத்தது அந்த மூச்சுப் பிடிப்புக்காக. பிலாட்டீஸில் எந்த அசைவும் மூச்சோடு கட்டியே வரும். மெதுவாகத்தான் செய்ய முடியும். எண்ணிக்கை குறைவு, கவனம் அதிகம். பயந்துபோன உடம்புக்கு அந்த நிதானம் பொருந்தும். யோகாவில் இது இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. 1989ல் நூறு வயதில் மறையும்வரை யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் வாழ்ந்து கற்றுக்கொடுத்த ஊர் இது. மூச்சோடு அசைவைச் சேர்ப்பது சென்னைக்குப் புதிதே இல்லை. எனக்குப் பயிற்சி இருப்பது பிலாட்டீஸில், அவர் வந்தது என்னிடம். அவ்வளவுதான்.

ஜமக்காளத்தின் மேல்

செவ்வாய், வெள்ளி காலை ஏழு மணி. ஆறேகால் மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி மின்சார ரயிலில் மாம்பலம் வருவார். 45 நிமிடம் பயிற்சி, டப்பாவில் கொண்டுவந்த இட்லி, அப்புறம் கடை.

முதல் இரண்டு வாரம் கிட்டத்தட்ட மூச்சு மட்டும்தான். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தலைக்கடியில் மடித்த துண்டு. மூக்கால் இழுக்கும்போது விலா எலும்பு பக்கவாட்டில் குடை மாதிரி விரிய வேண்டும், தோள் ஏறக் கூடாது. விடும்போது சூடான பாலை ஊதி ஆற்றுகிற மாதிரி நீளமாக. இடுப்பெலும்பின் முன்முனைக்குச் சற்று உள்ளே அவர் விரலையே வைக்கச் சொன்னேன். ஊதி முடியும் இடத்தில் விரலுக்கடியில் ஏதோ மெல்ல இறுகும். மூன்றாவது நாள்தான் அது அவருக்குப் பிடிபட்டது. "உள்ள யாரோ நாடாவ இழுத்துக் கட்டற மாதிரி இருக்கு" என்றார். பாவாடை நாடா. நான் இத்தனை வருடமாகச் சொல்லிவந்த விளக்கம் எதுவும் அதற்கு ஈடாகாது.

மூன்றாவது வாரம் பாலம் போடும் பயிற்சி. படுத்த நிலையில் இடுப்பைத் தூக்குவது, தூக்கியதை ஒவ்வொரு முதுகெலும்பாக இறக்குவது. அவருக்கு வரவில்லை. பலகை மாதிரி ஏறி, பலகை மாதிரி தொப்பென்று இறங்கினார். தொட்டுக் காட்டினேன், எண்ணிச் சொன்னேன், பயனில்லை. நாலாவது முயற்சியில் அவரே நிறுத்திக் கேட்டார்: "புடவைய மெத்தையில மடிப்பு மடிப்பா எறக்குவோம்ல, அந்த மாதிரியா?" ஆமாம் அக்கா, அதே மாதிரி என்றேன். பட்டைக் கீழே போடும்போது மடிப்பு கலையக் கூடாது. ஒரு கை தாங்க, மறு கை ஒவ்வொரு மடிப்பாக விடும். 19 வருடமாக அந்தக் கை செய்வதை முதுகுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். மேல் முதுகு முதலில் ஜமக்காளத்தைத் தொட்டது, பிறகு நடு முதுகு, பிறகு இடுப்பு, கடைசியில் வால் எலும்பு. வழியில் எங்கேயும் மூச்சு நிற்கவில்லை. இறங்கியதும் கூரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் படுத்திருந்தார்.

அதற்குப் பிறகு வேகமாக முன்னேறினார். ஒருக்களித்துப் படுத்துக் கால் தூக்குவது, மண்டியிட்டு எதிரெதிர்க் கை காலை நீட்டுவது, உட்கார்ந்து பக்கவாட்டில் சாய்வது, சுவரில் முதுகைச் சாய்த்துத் தலையிலிருந்து மெல்ல உருண்டு குனிவது. அந்தக் கடைசிப் பயிற்சியைக் கடையின் ஸ்டாக் அறையிலும் செய்யச் சொன்னேன், நாளுக்கு மூன்று முறை, ஒரு நிமிடம் போதும். வீட்டில் படுக்கும் முன் பத்து நிமிடம் மூச்சும் பாலமும்.

ஐந்தாவது வாரம் சறுக்கியது

மாசி முகூர்த்தம். தொடர்ந்து ஆறு நாள் 12 மணி நேர வேலை. இரண்டு வகுப்பு வர முடியவில்லை. விட்டதைப் பிடிக்கலாம் என்று கைபேசியில் ஒரு வீடியோவைப் பார்த்து ராத்திரி பதினோரு மணிக்கு 'ஹண்ட்ரட்' செய்திருக்கிறார். தலையையும் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு கையை 100 முறை மேலும் கீழும் அடிக்கும் பயிற்சி அது. ஐந்து எண்ணிக்கை மூச்சிழுப்பு, ஐந்து மூச்சுவிடுதல், அப்படிப் பத்துச் சுற்று. காலை நீட்டித் தூக்கும்போது அதன் பாரம் முழுவதும் இடுப்புக்கு இறங்கும். களைத்த வயிற்றுத் தசை அதைத் தாங்கவில்லை.

மறுநாள் வலி 8. "டிஸ்க் மறுபடி விலகிடுச்சு போல" என்று போனில் குரல் நடுங்கியது. நேரில் வரச் சொல்லி, கால் பலம், உணர்ச்சி, எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். புதிதாக எதுவும் இல்லை. தப்பு என்னுடையதும்தான். எதைச் செய்யலாம் என்று சொன்னேனே தவிர, எதைத் தனியாகச் செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. இப்போதெல்லாம் முதல் நாளே அதையும் எழுதிக் கொடுக்கிறேன்.

பயிற்சியை நிறுத்தவில்லை. ஒரு வாரம் மூச்சு, இடுப்புச் சாய்வு, சிறிய பாலம் என்று பின்வாங்கினோம். பத்து நாளில் வலி 5க்கு இறங்கியது. ஏறிய வலி இறங்கும் என்பதை அவர் கண்ணால் பார்த்தது அப்போதுதான். என் கணிப்பில், பயம் உண்மையாகவே தளர ஆரம்பித்தது இந்தச் சறுக்கலுக்குப் பிறகுதான். எட்டாவது வாரம் அதே ஹண்ட்ரடை, பாதம் தரையில், தலை துண்டின்மேல் வைத்துச் செய்தார். வலிக்கவில்லை.

ஸ்டூல்

இதைச் சொல்லாமல் இந்த ஆய்வு முழுமையாகாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். ஊழியர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள இருக்கை வைத்தே ஆக வேண்டும். இவருடைய பிரிவில் இருக்கை இருந்தது. இரண்டு ஸ்டூல். இரண்டின் மேலும் புடவைப் பெட்டி அடுக்கியிருந்தது. 12 மணி நேரம் நிற்கவைத்துவிட்டு 45 நிமிடப் பயிற்சியில் முதுகைச் சரிசெய் என்று கேட்பது நியாயமே இல்லை. ஆறாவது வாரம் அவரும் கூட வேலை செய்யும் இரண்டு பேரும் சேர்ந்து மேற்பார்வையாளரிடம் பேசினார்கள். பெட்டிகள் ஸ்டாக் அறைக்குப் போயின. கூட்டம் குறைவான மதிய நேரத்தில் மணிக்கு ஐந்து நிமிடம் உட்கார முடிகிறது. எனவே கீழே வரும் முன்னேற்றத்தில் ஸ்டூலுக்கும் பங்கு உண்டு. எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

12 வார முடிவில்

சித்திரை பிறந்த வாரம் மறுபடி அளந்தேன். 24 வகுப்பில் 20க்கு வந்திருந்தார். இரவு நேர வலி 7லிருந்து 3. ஆஸ்வெஸ்ட்ரி 42லிருந்து 18. முதுகு தாங்கும் நேரம் 28 வினாடியிலிருந்து 61. நாற்காலியிலிருந்து எழுந்தது 14 முறை. குனிந்தால் விரல் கணுக்காலைத் தொடுகிறது, மூச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது.

மனதின் பக்கம் வந்தால், பி.எச்.க்யூ-9 மதிப்பெண் 11லிருந்து 5. இந்த வினாத்தாளில் 5 புள்ளி குறைந்தாலே குறிப்பிடத்தக்க மாற்றம் என்று கொள்வார்கள். தூக்கம் ஆறு மணி நேரம் ஆனது. இரவு திரும்பி வரும்போது மாம்பலம் நிலையத்துக்குப் போகும் அந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதையில் முன்பெல்லாம் இரண்டு இடத்தில் கம்பியைப் பிடித்து நிற்பார். ஒன்பதாவது வாரம் முதல் நிற்காமல் நடக்கிறார். எரிச்சலும் குறைந்ததாம். "முன்னாடி நாலு புடவை காட்டினதும் கோவம் வரும் மேடம், வெளிய காட்டிக்க முடியாது. இப்ப அந்தப் பால் ஊதற மூச்ச ரெண்டு வாட்டி விடறேன்" என்றார். மகள் அனுப்பிய வீடியோ ஒன்றையும் காட்டினார். தரையில் உட்கார்ந்திருந்த குழந்தை கையை நீட்ட, இவர் ஒரு காலைப் பின்னால் வைத்துக் குனிந்து தூக்குகிறார். நாற்காலி படத்திலேயே இல்லை.

இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்

ஒருவருடைய கதை நிரூபணம் ஆகாது. பிலாட்டீஸும் முதுகுவலியும் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015ல் வெளியிட்ட ஆய்வு, 10 சோதனைகளில் பங்கேற்ற 510 பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. பெரிதாக எதுவும் செய்யாமல் இருப்பதைவிட பிலாட்டீஸ் வலியையும் முடக்கத்தையும் குறைக்கிறது, ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட உயர்ந்தது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பது அதன் முடிவு. பதற்றம், மனச்சோர்வு அறிகுறிகள் குறைவதாக 2018ல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. அதில் சேர்ந்தவை சிறு ஆய்வுகள். நான் இதை நோயாளிகளிடம் அப்படியே சொல்லிவிடுகிறேன். பிடித்ததைச் செய்யுங்கள், விடாமல் செய்யுங்கள்.

வயிற்றின் ஆழத் தசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையை அசைக்கும் முன்பே அந்தத் தசை இறுகுகிறது, முதுகுவலி உள்ளவர்களுக்கு அது தாமதமாகிறது என்று 1996ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும் காட்டினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு "கோர் வீக்", அதாவது உடம்பின் நடுப்பகுதித் தசைக்குப் பலமில்லை என்று எல்லோரையும் பயமுறுத்துவது வழக்கமாகிவிட்டது. இந்த அக்காவுக்கு வயிறு பலமாகத்தான் இருந்தது, கல்லாக இறுகும் அளவுக்கு. அவர் கற்றுக்கொண்டது அதைத் தளர்த்தவும் தேவைக்கு ஏற்ப இறுக்கவும்.

இன்னொன்று. பத்தாவது வாரம் அவர் கேட்டார், "மாமியாரையும் கூட்டி வரட்டுமா? 71 வயசு, கூன் விழுது." எலும்பு அடர்த்தி பார்க்காமல் வேண்டாம் என்று நிறுத்தினேன். பிலாட்டீஸ் தரைப் பயிற்சிகளில் முன்பக்கம் சுருண்டு எழுபவை நிறைய. 1984ல் சினாகி, மிக்கெல்சன் இருவரும் எலும்புப்புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறையும் நோய், உள்ள 59 பெண்களைப் பார்த்தார்கள். முன்னால் வளையும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிதாக முதுகெலும்பு நசுங்கியிருந்தது, பின்னால் நிமிரும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம். மாமியாருக்குச் சோதனையில் எலும்புப்புரை உறுதியானது. இப்போது மருத்துவர் மருந்து கொடுக்கிறார். என்னிடம் சுவரோரம் நின்று நிமிரும் பயிற்சியும் நடையும் மட்டும். பிலாட்டீஸ் நல்லது என்று கேள்விப்பட்டு வீட்டில் பெரியவர்களை வீடியோ முன் உட்கார வைப்பவர்கள் இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

ஆடித் தள்ளுபடி வந்தது. வருடத்திலேயே கடுமையான நாட்கள் அவை. வலி 5 வரை ஏறியதாகவும், ஆவணி முதல் வாரத்திலேயே 3க்கு இறங்கியதாகவும் சொன்னார். இந்த முறை என்னைப் போனில் அழைக்கவில்லை. வகுப்புக்கு வந்தபோதுதான் சொன்னார்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அவரோடு அதே கடையிலிருந்து இன்னும் மூன்று பேர் வருகிறார்கள். ஜமக்காளம் போதாமல் ஒருவர் கோரைப்பாய் கொண்டுவருகிறார். பாலம் போட்டு இறங்கும்போது நான் வாயைத் திறப்பதற்குள் இந்த அக்காவே சொல்லிவிடுகிறார், மடிப்பு மடிப்பா எறக்குங்க என்று. மூன்று பேரில் ஒருவருக்கு 58 வயது. அவருக்கு மட்டும் அடர்த்திச் சோதனை முடிவு வரும்வரை சுருண்டு எழும் பயிற்சிகளைக் கொடுக்கவில்லை.